கம்ப்யூட்டருக்கு ஒரு வெல்வெட் சட்டை

அந்தப் பைய இப்படிக் குடு கண்ணு, நான் மடியில வெச்சுக்கறேன். கீழ வெச்சீன்னா காங்கேயம் போறதுக்குள்ள ஆளாளுக்கு மிதிச்சே தோசையாக்கிருவாங்க. உள்ள என்ன, லேப்டாப்பா? அதான் இப்படிச் சுடுது. ஆப் பண்ணாமயே மூடிப் பைக்குள்ள போட்டிருப்ப. காத்துப் போகாம உள்ளயே கெடந்து வேகும் சாமி, அப்படியெல்லாம் பண்ணக்கூடாது.

என்ன அப்படிப் பாக்கற? தையக்காரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா? எனக்கு ஒண்ணுந் தெரியாது. இந்தக் கம்ப்யூட்டர் கருமத்த நான் கண்டுக்கறதே இல்ல. ஆனா என்ற ஊட்டுல ஒரு விஞ்ஞானி இருந்தான். இந்தக் கோடை முச்சூடும் ஆராய்ச்சி. ராக்கெட் விடற எடத்துல கூட அத்தன நடந்திருக்காது. நமக்கு முன்னாலயே நடக்கறப்போ காத மூடிக்கிட்டா தைக்க முடியும்?

என்ற பேரு வசந்தாமணி. ஈரோட்டுல வீரப்பன்சத்திரம். வாசலத் தாண்டுனா ஹாலு, ஹால்ல என்ற தையல் மிஷினு, அதுக்கு எதுத்தாப்புல மேசையில அவன். அவன்னா என்ற பையன், மௌலீஸ்வரன். ஒரே பையன். அவங்கப்பா போய்ச் சேந்ததுக்கப்புறம் அந்த மிஷின மிதிச்சு மிதிச்சுத்தான் அவன இஞ்சினீரு ஆக்குனேன். இத நான் ஒரு நாளும் அவன்கிட்டச் சொல்லிக் காட்டுனதில்ல. கோவம் வந்தா மட்டும் சொல்லுவேன். எனக்குக் கொஞ்சம் அடிக்கடி கோவம் வரும்.

இஞ்சினீரு என்ன பண்ணுனாருன்னா, ஊட்டுலயே உக்காந்து யாருக்கோ என்னமோ டைப் அடிச்சுக் குடுத்து, சம்பாரிச்சதயெல்லாம் ஒட்டுக்காச் சேத்து ஒரு கம்ப்யூட்டர் பொட்டி வாங்கிட்டு வந்தாரு. ஒரு பக்கம் கண்ணாடி. உள்ள செவப்பு, பச்ச, ஊதான்னு லைட்டு மாறி மாறி எரியுது. மாரியம்மன் நோம்பிக்குத் தெருவுல போடற சீரியல் செட்டு ஊட்டுக்குள்ள வந்தாப்புல ஆயிருச்சு. எதுக்குடா இதுன்னேன். கேம் வெளையாடன்னான். சரி, நாலெழுத்துப் படிச்ச புள்ள, வெளையாடட்டும்னு உட்டுட்டேன்.

அப்புறந்தான் தெரியுது, அது வெளையாட்டுக்கு வெளையாடறது இல்லையாமா. அஞ்சு பேரு ஒரு டீமாச் சேந்து, ஓடிப் புடிச்சுச் சுடணும். பெங்களூர்ல ஒரு கம்பெனி, இப்படிச் சுடறதுக்குன்னே ஆள் எடுக்குது. சோறு போட்டு, படுக்க எடங் குடுத்து, மாசமானாச் சம்பளமும் குடுக்கறாங்களாமா. நானும் எத்தனையோ சோம்பேறிப் பொழப்பக் கேள்விப்பட்டிருக்கேன், இப்படி ஒண்ணு கேட்டதில்ல. கோடை கடைசியில செலக்சன், ஊட்டுல இருந்தே வெளையாடிக் காட்டணுமாமா. அதுல எடுத்துக்கிட்டாங்கன்னா பெங்களூரு. எடுக்கலைன்னா, காங்கேயத்துல எங்கண்ணன் மேனேஜரா இருக்கற எண்ணெ மில்லுல கணக்கு எழுதறது. இது அவனே ஒத்துக்கிட்டது. இந்த ஒருக்கா முயற்சி பண்ணிப் பாத்தறேம்மா, ஆகலைன்னா மாமா சொல்ற வேலைக்கே போறேன், அதுக்கப்புறம் கேக்கவே மாட்டேன்னான்.

நான் தடுக்கல. நான் எப்பத் தடுத்திருக்கேன்? பெங்களூரு போனவனெல்லாம் வருசத்துக்கொருக்கா தீவாளிக்கு வந்து, அம்மா நெட்டு வேகமில்ல, கொசுக் கடிக்குதுன்னு மூணா நாளு கெளம்பிப் போறானுங்களே, எதுத்த ஊட்டு சாவித்திரிகிட்ட அதப் பத்திப் பேசுனேன். அவ்வளவுதான். அவன் காதுல உழுகற மாதிரி பேசுனேன், அது வேற. எனக்குப் பயமிருக்காதா கண்ணு? ஹால்ல ஒத்தையா உக்காந்து அந்தச் செவுத்தப் பாத்துக்கிட்டு எத்தன ப்ளவுஸ் தைக்கறது?

சரி, கதைக்கு வாரேன். தைக்கற எடத்துல பஞ்சுத் தூசி இருக்கத்தான செய்யும். ஒரு நாளு அந்தப் பொட்டி கிர்ருனு கத்துதுன்னு அவன் சிநேகிதன் ஆசிப் வந்தான். பஸ் ஸ்டேண்டுக்கிட்டக் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வெச்சிருக்கறவன், தங்கமான பையன். பொட்டியத் தொறந்து காத்தாடிக்குள்ளயிருந்து பஞ்ச எடுத்தான் பாரு, ஒரு பூனக்குட்டி சைசுக்கு வந்துது. இதுக்குத் தூசியே ஆவாதும்மான்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போனான்.

தூசி ஆவாதுன்னா என்ன பண்ணுவோம்? ஒறை தைப்போம். எங்க ஊட்டுல மிக்சிக்கு ஒறை, கிரைண்டருக்கு ஒறை, பிரிட்ஜ் கைப்பிடிக்கு ஒறை, ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் ஒறை. ஒறை இல்லாமத் திரியறது நானும் அவனுந்தான். ஒரு சோபாவுக்கு எடுத்ததுல மிச்சம் மெரூன் வெல்வெட் நல்லாத் தடிமனாக் கெடந்துச்சு. அளவெடுத்து, உள்ள ஸ்பாஞ்சு குடுத்து, ஓரத்துக்குச் சுருக்கம் வெச்சு, முன்னால ஜரிகை நூல்ல அவன் பேரு மொதல் எழுத்தப் போட்டுத் தெச்சேன். பட்டனத் தட்டறதுக்கு ஒரு ஓட்டை, ஒயரு போறதுக்கு ஒரு ஓட்டை, தொறந்து மூடப் பக்கத்துல ஒரு ஜிப்பு. கல்யாணப் பொண்ணுக்குக் கூட நான் அத்தன பாத்துப் பாத்துத் தெச்சதில்ல.

மாட்டி உட்டா, ஐயா மொகம் போச்சு. காத்துப் போவாதும்மா, நெறுத்தி வெக்கறப்போ போட்டுக்கலாம், வெளையாடறப்போ எடுத்தறேன்னான். நான் மிஷின் ஓட்டறது பகல் பூரா, தூசி பறக்கறது பகல் பூரா, இவன் வெளையாடறதும் பகல் பூரா. அப்புறம் அது யாருக்கு ஒறை? நான் ஒண்ணுஞ் சொல்லல கண்ணு. பேசாம இருந்தேன். ரெண்டு மூணு நாளு பேசாமயே இருந்தேன். சோத்தப் போட்டு வெச்சுட்டு நான் சாப்புடாம இருந்தேன், பசிக்கல எனக்கு. அழுகறயாம்மான்னு கேட்டான். அழுகறேனா நானு? சளி புடிச்சிருந்துச்சு. அடுத்த நாளு பாத்தா, அவனே எடுத்து மாட்டி, சுருக்கத்தயெல்லாம் நீவி உட்டு, அதுக்கு முன்னால உக்காந்து வெளையாடிட்டிருக்கான். அதுக்கப்புறம் அதக் கழட்டல. பாசமுள்ள புள்ள.

அதோட ஆரம்பிச்சுது ஆராய்ச்சி.

கேம் நடுவுல படம் சிக்குது. ஓடிட்டிருக்கற ஆளு அப்படியே கல்லாட்ட நின்னு, அடுத்த நிமிசம் எங்கியோ போய் உழுந்து கெடப்பான். காதுல மாட்டியிருக்கற ஹெட்செட்டுல அந்த நாலு பேரும் இவனத் திட்டறது எனக்கே கேக்கும். ஏன்டா சிக்குதுன்னா, சூடாம். டிவியாட்ட இருக்கற அதோட ஸ்கிரீன் மூலையில ஒரு நம்பர் ஓடும், அது பொட்டிக்குள்ள இருக்கற மூளையோட சூடு. தொண்ணூத்தஞ்ச எட்டுச்சுன்னா அது தன்னால வேகத்தக் கொறச்சுக்குமாமா, எரிஞ்சு போகக் கூடாதுன்னு. மனுசனுக்கில்லாத அறிவு பாரு அதுக்கு. ஈரோட்டு வெயில்ல நான் வெந்துட்டுக் கெடந்தேன், எனக்கு எத்தன டிகிரின்னு பாக்க எந்த மூலையிலயும் நம்பரில்ல.

மொதல்ல வோல்டேஜு. பொட்டி முழுசா எந்திரிக்கறதுக்கு முன்னால ஒரு பட்டனத் தட்டித் தட்டி உள்ள போவான். ஒரே நம்பரா இருக்கும். அந்த மூளைக்குப் போற கரண்ட துளித் துளியாக் கொறச்சா சூடு கொறையுமாமா, ஆனா வேகம் கொறையாதாமா. சோத்தக் கொறச்சுட்டு வேலைய மட்டும் அதே அளவு வாங்கறது. இதத்தான் நம்மூரு முதலாளியெல்லாம் படிக்காமயே பண்ணீட்டிருக்காங்க. பாயின்ட் சைபர் அஞ்சு கொறச்சான், ஓடுச்சு. இன்னுங் கொறச்சான், ஊதா ஸ்கிரீன் வந்து படுத்துக்கிச்சு. கொஞ்சம் ஏத்துனான், எந்திரிச்சுது. ஏத்தறது, எறக்கறது, அணைக்கறது, போடறது. காலையில பல் வெளக்கறதுக்கு முந்தி ஒருக்கா, குளிச்சுட்டு வந்து ஒருக்கா. சாமி கும்பிடறதக் கூட அத்தன சிரத்தையாப் பண்ணுனதில்ல அவன்.

அடுத்தது பேஸ்ட்டு. மூளைக்கும் காத்தாடிக்கும் நடுவுல, சூடு எறங்கறதுக்குச் சாம்பக் கலர்ல ஒண்ணு தடவணும். அத அரிசி அளவு வெக்கறதா பட்டாணி அளவு வெக்கறதான்னு ஊரு ஒலகத்துல பெரிய சண்டை நடக்குதாமா. இவன் ரெண்டு கட்சி வீடியோவயும் பாத்துட்டு, அரிசியளவு வெச்சுப் பாத்தான், தொடச்சுட்டுப் பட்டாணியளவு வெச்சுப் பாத்தான். எனக்குப் பட்டதச் சொன்னேன், தொவரம் பருப்பளவு வைடான்னு. மொறைச்சான்.

அப்புறம் ரெண்டு காத்தாடி வெச்ச பெரிய கூலரு வந்துது. கோயில் மணியாட்ட அத்தாம் பெருசு. அதப் போட்டா கண்ணாடி மூட மாட்டேங்குது, பக்கத்துல பொடைச்சுக்கிட்டு நிக்குது. என்ற ஒறையும் பத்தல. இந்தக் கையால நானே தையலப் பிரிச்சு, பக்கத்துல துணி ஒட்டு குடுத்துப் பெருசு பண்ணித் தந்தேன். அந்த உதவிய யாரு செய்வா சொல்லு? அவனும் சித்த நேரம் ஒறையவே பாத்துட்டு, சரிம்மான்னு வாங்கி மாட்டிக்கிட்டான்.

என்ற டேபிள் ஃபேனும் போச்சு. அது பொட்டியப் பாத்து நின்னுக்கிச்சு. வெல்வெட்டு மேல காத்து அடிச்சுச் சுருக்கமெல்லாம் ஆடும், பாக்க அழகாத்தான் இருக்கும். அப்பவும் எம்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூத்தி ஒண்ணுன்னு நிக்கும். நான் பாக்கறதில்லையே, ஊசியில நூலுக் கோக்கறப்போ தலையத் தூக்குனாக் கண்ணுல படும், அவ்வளவுதான்.

சிரிக்கற. சிரி. அந்த ஆசிப்பும் இப்படித்தான் சிரிச்சான்.

செலக்சனுக்கு ஒரு வாரமோ என்னமோ இருக்கறப்போ அவன வரச் சொல்லியிருந்தான் இவன். நான் டீ வெக்க உள்ள போயிட்டேன். எனக்குக் காது நல்லாக் கேக்கும் கண்ணு, அது ஆண்டவன் குடுத்த வரம். என்னடா இது, கம்ப்யூட்டருக்குக் கம்பளிச் சட்டை போட்டு வெச்சிருக்கன்னு அவன் சிரிக்கறான். ஜிப்பு தொறக்கற சத்தம். கேமப் போட்டு மவுஸத் தட்டற சத்தம். அப்புறம் ஆசிப் சொல்றான், பாருடா, எழுவத்தி ரெண்டு, வெண்ணெயாட்ட ஓடுது, மாசக் கணக்காப் பைத்தியகாரனாட்ட வோல்டேஜக் கொறச்சிட்டிருந்தயே, இந்தத் துணியத் தூக்கி வீசுனாப் போதுமேடான்னு.

இவன் மெதுவாச் சொன்னான். “தெரியும்டா. மாட்டிரு, அம்மா வந்துருவாங்க. நான் வோல்டேஜ்ல பாத்துக்கறேன்.”

நான் டீயோட வந்தப்போ சட்டை போட்டபடிக்கு நிக்குது பொட்டி. ரெண்டு பேரும் என்னயப் பாத்து இளிக்கறாங்க. நானும் இளிச்சேன். பிஸ்கெட் வேணுமான்னு கேட்டேன்.

அப்ப உனக்குத் தெரிஞ்சு போச்சேங்கற. தெரிஞ்சா? அவங்க என்னமோ பேசிக்கிட்டாங்க. எங்கிட்ட வந்து சொன்னாங்களா? ஒட்டுக் கேட்டுட்டு வந்து நானாக் கழட்டுனா நல்லாவா இருக்கும்? ஆனாலும் மனசு கேக்கல எனக்கு. அன்னிக்குச் சாயந்தரம் சோத்தப் போட்டுட்டு நேராவே கேட்டேன். ஏன்டா, அந்தத் துணி எதுனா எடைஞ்சலா இருக்குதான்னு கேட்டேன். என்னயப் பாத்தான். இல்லம்மா, நல்லாத்தான் இருக்குதுன்னான். அவனே இல்லைங்கறான், அப்புறம் நான் என்ன பண்றது? நான் கொஞ்சம் அழுத்தித்தான் கேட்டிருக்கோணுமோ என்னமோ. அழுத்திக் கேட்டு அவன் ஆமான்னுட்டா?

அதுக்கப்புறம் அவன் வேலை பண்ணுனான் பாரு. அத்தன துணியப் போத்திக்கிட்டே அந்தப் பொட்டிய எம்பத்தி நாலுல நிக்க வெச்சான். ஈரோட்டுலயே இப்படி வோல்டேஜ் வெக்க ஆளில்லைன்னு ஆசிப் சத்தியம் பண்றான். செலக்சன் மூணு சாயந்தரம். மொத ரெண்டு நாளும் ஒரு எடத்துலயும் சிக்கல. இவன் சுடறான், ஹெட்செட்டுல அந்த நாலு பேரும் இவன் பேரச் சொல்லிக் கூப்பாடு போடறானுங்க. ரெண்டாம் நாளு முடிஞ்சப்போ சின்னப் புள்ளையாட்ட வந்து என்ற கழுத்தக் கட்டிக்கிட்டு, நாளைக்கு ஒரு நாளும்மான்னான். கையில இருந்த ஊசி என்ற வெரல்லயே குத்திக்கிச்சு. சந்தோசத்துல.

மூணாம் நாளு வெயிலுன்னா அப்படியொரு வெயிலு. பொழுது எறங்கியும் செவுரு சுட்டுச்சு. எனக்கு ஒரு முகூர்த்த ப்ளவுஸ் அவசரம், இஸ்திரிப் பொட்டி வேற ஹால்லயே வெச்சிருந்தேன். வேற எங்க வெக்கறது? அவன் வெளையாடறான். எம்பத்தாறு. எம்பத்தொம்பது. தொண்ணூத்தி மூணு வந்துச்சு, அவனோட எடது கை மேசைய உட்டு எறங்கி, ஒறையோட ஜிப்பு மேல போய் நின்னுச்சு.

நின்னுட்டு என்னயப் பாத்தான்.

நான் குனிஞ்சு ஹெம்மிங் பண்ணீட்டிருந்தேன். கல்யாணப் பொண்ணு ப்ளவுஸு கண்ணு, ஒரு தையல் தப்புனாப் போச்சு. நான் எப்படித் தலையத் தூக்கறது? கொஞ்ச நேரங் கழிச்சுத் தூக்கிப் பாத்தேன். அவன் கை மேசைக்கே போயிருந்துச்சு. மூலையில தொண்ணூத்தஞ்சு. படம் அப்படியே நிக்குது.

முடிஞ்சுது, செலக்சன் போச்சு. கத்துவான், ஒடைப்பான்னு நெனச்சேன். ஹெட்செட்டக் கழட்டி மெதுவா வெச்சான். அம்மா, சாப்பாட்டுக்கு என்னன்னு கேட்டான். அவனுக்குப் புடிக்கும்னு அரிசியும் பருப்பும் ஆக்கி நெய்ய ஊத்திக் குடுத்தேன். ரெண்டு தடவ வாங்கித் தின்னுட்டுப் படுத்துக்கிட்டான். அந்த வாரமே மில்லுக்குப் போகச் சம்மதிச்சுட்டான், பொட்டிய ஆசிப்புக் கடைக்குக் குடுத்துட்டான், வித்துக்கச் சொல்லி.

நீயே எடுத்திருக்கலாமேங்கறயா? கேளு, எல்லாரும் என்னயவே கேளுங்க. ஆசிப்பு பொட்டிய எடுக்க வந்தப்போ வாசல்ல நின்னு இதயேதான் கேட்டான். அவன் கேட்டானா? அம்மா, எடைஞ்சலா இருக்குது, எடுத்தரட்டுமான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் என்ன கழுத்தயா நெரிச்சிருப்பேன்? பெத்தவகிட்ட வாயத் தொறந்து கேக்கறதுக்கு என்ன வந்துச்சு? இருவத்தஞ்சு வயசுல அத்தன நம்பரு படிச்சு வெச்சிருக்கான், அம்மாகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு எந்த வீடியோவுலயும் போடலையா? பெங்களூர்க்காரன் என்ன, எங்க புள்ளைய மாதிரி ஆயிரம் பேர எடுப்பான், அவனுக்கு என்ன நட்டம்? எனக்கு இருக்கறது ஒண்ணு.

இப்பப் பரவால்ல. காலையில இதே பஸ்ஸுல காங்கேயம் போறான், பொழுதோட வந்தர்றான். ஊட்டுல ஒரு சத்தமில்ல, லைட்டு மினுக்கறதில்ல, திட்டு வாங்கறதில்ல. எங்கண்ணனுக்கு ரொம்பத் திருப்தி. உன்ற பையன் மூச்சுக் கூட சத்தமா உட மாட்டேங்கறான் வசந்தான்னு சொல்றாரு. இப்ப நான் தாராபுரத்துக்குத்தான் போறேன், அவனுக்குப் பொண்ணு பாக்க. போட்டோவக் காட்டுனேன், உன் இஷ்டம்மான்னான். வந்து நேர்ல ஒருக்காப் பாருடான்னேன், நீ பாத்தாப் போதும்மான்னான். எத்தன பேருக்கு அமையும் இப்படி? தெருவே பொறாமப்படுது. சட்டைக்கு என்ன கலரு எடுக்கட்டும்னா உன் இஷ்டம்மா. சாயந்தரத்துக்கு என்ன ஆக்கட்டும்னா உன் இஷ்டம்மா. செவுத்தக் கூட ரெண்டு தட்டுத் தட்டுனா ஒரு சத்தம் வரும் கண்ணு.

நேத்து ரசத்துல வேணும்னே உப்ப அள்ளிப் போட்டேன். யாருகிட்டயும் சொல்லாத. அள்ளிப் போட்டுட்டு எதுத்தாப்புலயே உக்காந்து அவன் மொகத்தயே பாத்துட்டிருந்தேன். ஊத்திப் பெசைஞ்சு முழுசாத் தின்னான். ஒரு வாயி மொகம் சுளிக்கல. நல்லாருக்குதும்மான்னு சொல்லிட்டு, தட்டக் கழுவி வெச்சுட்டுப் போய்ப் படுத்துக்கிட்டான்.

த்தூ, வாயில வெக்க வெளங்கலைன்னு ஒருக்கா, ஒரே ஒருக்கா எம் மூஞ்சிக்கு நேராச் சொல்லித் தொலைச்சா என்னவாம் அவனுக்கு?